ஒரு சாண் தூரம்

அவன் தோள்பையில் எப்போதும் மூன்று பொருள்கள் இருக்கும். ஒரு கேமரா, ஒரே ஒரு லென்ஸ், கொத்தனார்கள் வைத்திருப்பது போன்ற ஒரு ரசமட்டம். மட்டம் பார்க்கும் கோடு கேமராவுக்குள்ளேயே உண்டு; ஆனால் அதை அவன் நம்புவதில்லை. விற்பனைக்கும் வாடகைக்கும் வரும் வீடுகளைப் படம் எடுப்பது அவன் பிழைப்பு. ரசமட்டத்தை ஜன்னல் விளிம்பில் வைத்து, நீர்க்குமிழி நட்டநடுவில் வந்து நின்ற பிறகே பொத்தானை அழுத்துவான். அதனால் அலுவலகத்தில் அவனுக்கு ரசமட்டம் என்றே பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அந்த ஒரே லென்ஸ் அகலக் கோண லென்ஸ். கட்டிலைப் போட்டால் கதவு திறக்காத அறைகூட அதற்குள் பத்துப் பேர் பந்து விளையாடலாம் போல விரியும். வீட்டுக்குள் நுழைந்ததும் குப்பைக்கூடையை வெளியே வைப்பான். கழிப்பறை மூடியைச் சாத்துவான். பிறகு வீட்டுக்காரர்களைப் பார்த்து, "நீங்களும் கொஞ்சம் வெளிய நிக்கிறீங்களா?" என்பான். அதோடும் விடமாட்டான். படங்களைக் கணினியில் போட்டுச் சுவரில் ஆணி, தொங்கும் ஒயர், ஈரக்கறை, பல்லி என்று கண்ணில் பட்டதையெல்லாம் துடைத்துவிடுவான். அவன் படங்களில் வீடுகள் நேற்றுத்தான் பிறந்தவை போல இருக்கும். "படத்துல ஆள் வந்தா வேலை கெட்டுச்சு" என்பது அவன் வேதவாக்கு.

அந்த வேதவாக்குக்குப் பின்னால் ஒரு கல்யாணம் இருந்தது.

பத்து வருஷத்துக்கு முன்னால் அவன் தங்கைக்கு நடந்த கல்யாணம் அது. ஏற்பாடு செய்திருந்த படக்காரர் சாப்பிடப் போன நேரத்தில், "குடும்பம் மொத்தமும் சேர்ந்து ஒண்ணு எடுத்துரலாமே" என்று யாரோ சொன்னார்கள். நாற்பத்து மூன்று பேர். பின்னால் நகர இடமில்லாத கூடம். "நான் எடுக்கிறேன், எல்லாரும் வருவீங்க" என்று புது லென்ஸை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தவன் இவன்தான். எல்லாரும் வரத்தான் செய்தார்கள். ஆனால் அந்த லென்ஸின் குணம் அன்றைக்கு அவனுக்கு முழுசாகத் தெரியாது. கிட்ட இருப்பதைப் பெரிதாக்கும், தள்ளி இருப்பதைச் சிறிதாக்கும், நடுவில் நிற்பவரைப் பிழைக்க விடும், ஓரத்தில் நிற்பவரை மட்டும் மாவு போல இழுத்துவிடும்.

ஓரத்தில் நின்றவர் மாப்பிள்ளையின் அக்கா. மூங்கில் போல ஒல்லியான, உயரமான, எதிரில் யாரும் வாயைத் திறக்க யோசிக்கும் மனுஷி. படத்தில் அவர் முகம் பூசணிக்காய் போலப் பக்கவாட்டில் ஓடியிருந்தது. ஒரு கை தலையணைப் பருமன். "பந்தல்காரன் அலமாரியை மறந்து விட்டுட்டுப் போயிட்டானா?" என்று ஒரு சித்தப்பா கேட்க, கூடமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கத்தரிக்கோலை எடுத்துத் தன்னை மட்டும் நேர்க்கோட்டில் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஆல்பத்தில் ஒட்டிவிட்டார். அன்றோடு ரசமட்டம் ஆள்களைப் படம் எடுப்பதை விட்டான். காலி அறைகள் கோபித்துக்கொள்வதில்லை.

அந்த அக்கா இப்போது ஒரு குழந்தைகள் காப்பகத்தின் பெரிய டீச்சர். அவன் தங்கை அங்கே சின்ன டீச்சர்.

செவ்வாய்க்கிழமை காலையில் தங்கையிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, நாளைக்கு உனக்கு என்ன வேலை?"

"ரெண்டு படுக்கையறை, ஒரு பால்கனி."

"தள்ளிப் போடு. சனிக்கிழமை பெத்தவங்க எல்லாரும் வர்ற நாள். வாசல் சுவர் முழுக்கக் குழந்தைங்க படம் மாட்டணும். இருபத்து நாலு குழந்தைங்க. எடுக்க வரவேண்டியவருக்கு அம்மை போட்டிருச்சு."

"நானா? குழந்தைங்களையா?"

"பெரிய டீச்சர் அண்ணிகிட்ட சொல்லிட்டேன். எங்க அண்ணன் எடுப்பான்னு."

"உங்க அண்ணிகிட்ட என் பேரைச் சொன்னியா?"

"பேரைச் சொல்லல. அண்ணன்னு மட்டும்தான் சொன்னேன்."

"உனக்கு எத்தனை அண்ணன் இருக்காங்கம்மா?"

"அது அவங்களுக்கும் தெரியும். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. அப்புறம் 'சரி, பாப்போம்'னாங்க." தங்கையின் குரல் தணிந்தது. "அண்ணா, ஊருக்கு அந்தப் பக்கம் ரெண்டாவது காப்பகம் திறக்கப்போறாங்க. அதை யார்கிட்ட விடுறதுன்னு இன்னும் முடிவு பண்ணல. வெளியாள் ரெண்டு பேரை வரச்சொல்லிப் பேசிட்டாங்க. இந்தச் சுவரை என் பொறுப்புல விட்டிருக்காங்க. எனக்கு இதுதான் பரீட்சை. புரியுதா?"

புரிந்தது. பத்து வருஷமாகத் தங்கை அந்த வீட்டில் எதைச் சொன்னாலும், "உங்க அண்ணன் படம் எடுத்த மாதிரியா?" என்று ஒரு பதில் தயாராக இருந்தது. அவளும் சிரித்துக்கொண்டே விழுங்கிவந்தாள். வர முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

புதன்கிழமை போனான். காப்பகம் என்பது நீளமான ஒற்றை அறை. முழங்கால் உயரத்தில் கைகழுவும் தொட்டி, இடுப்பு உயரத்தில் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிப் பை. தரையெல்லாம் வண்ண வண்ணப் பாய்கள். உலகத்தைப் பாதியாகச் சுருக்கி வைத்ததுபோல இருந்தது. பெரிய டீச்சர் மூலையில் தன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடி சங்கிலியில் தொங்கியது.

"வாங்க தம்பி" என்றார். இரண்டே சொற்கள். அதற்குள் பத்து வருஷம் அடங்கியிருந்தது.

அவனுக்குத் தெரிந்த ஒரே வழியில் அவன் வேலையைத் தொடங்கினான். கேமராவை முக்காலியில் ஏற்றி வாசல் பக்கம் நிறுத்தினான். ரசமட்டம் பார்த்தான். எதிர்ச்சுவர் ஓரமாக ஒரு குட்டி நாற்காலி போட்டு, ஒவ்வொரு குழந்தையாக உட்காரவைத்து, "அசையாதே" என்றான். அசையாதே என்ற சொல்லைக் கேட்டாலே குழந்தைகளுக்கு உடம்பு அரிக்கும் போலிருக்கிறது. ஆனாலும் ஒன்றரை மணி நேரத்தில் இருபத்து நான்கும் முடிந்தது.

பெரிய டீச்சர் வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கேமராவின் பின்திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அறை நல்லா வந்திருக்கு தம்பி. ஜன்னல் நல்லா வந்திருக்கு. நம்ம கூடம் இவ்வளவு பெருசுன்னு எனக்கே இப்பதான் தெரியுது." விரலால் திரையைத் தொட்டார். "இந்தச் சுவர்கிட்ட என்னமோ இருக்கே, அது என்ன?"

"அது... குழந்தை, டீச்சர்."

"ஓ. நான் பொம்மைன்னு நினைச்சேன்." கண்ணாடியைக் கழற்றினார். "இந்த இடத்தை நாங்க விக்கல தம்பி."

அவர் போனதும் தங்கை அவனைக் கொக்கிகள் பக்கம் இழுத்துப் போனாள். "கிட்டப் போய் எடேன் அண்ணா!"

"இந்த லென்ஸை வச்சுக்கிட்டுக் கிட்டப் போனா மூக்கு முழம் நீளம் வரும். ஏற்கனவே ஒரு தடவை பட்டது போதாதா?"

"வேற லென்ஸ் இல்லையா?"

"கூட்டாளிகிட்ட இருக்கு. அவன் ஞாயிறு வரைக்கும் கல்யாணத்துல. வாடகைக் கடையிலயும் கேட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் வாங்கன்னான்."

"சனிக்கிழமை சாயங்காலம் நான் அழுது முடிச்சிருப்பேன்."

அண்ணனும் தங்கையும் இப்படி முட்டிக்கொண்டிருக்க, தனியாக நின்ற கேமராவிடம் ஒருத்தி போய்ச் சேர்ந்தாள். தங்கையின் மகள், ஆறு வயது, உருண்டையாக இருந்துகொண்டு, ஓரிடத்தில் நிற்காமல் ஓடுவதால் பட்டாணி என்று பெயர். முக்காலியை அவன் தாழ்த்தி வைத்திருந்தது அவளுக்கு வசதியாகப் போயிற்று. லென்ஸின் கண்ணாடியில் தன் முகம் தெரியவே, ஒரு சாண் தூரத்தில் நின்று நாக்கை முழுவதும் நீட்டினாள். கை நீட்டிப் பொத்தானையும் அழுத்தினாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்தவன் திரையைப் பார்த்தான். கம்பளம் விரித்தது போல ஒரு நாக்கு. அதற்குப் பின்னால் எங்கேயோ இரண்டு கண்கள். அதற்கும் கீழே, தொலைதூரத்தில், அவரைக்கொட்டை மாதிரி இரண்டு ஷூ. கல்யாணக் கூடத்தின் சிரிப்பு காதில் கேட்டது.

கேட்டது நிஜச் சிரிப்பு.

"மாமா! என் நாக்கு என்னைவிடப் பெருசு!" பட்டாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் உருண்டாள். அடுத்த கணம் அவன் முழங்காலைச் சுற்றி ஒரு கூட்டம். "எனக்கும்!" "எனக்கு மொதல்ல!" "என் பல்லைப் பெருசாக்குங்க!" "தள்ளு, நான்தான் வரிசை!"

அவன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணப் படத்துக்கும் இதற்கும் லென்ஸ் ஒன்றுதான், கோணலும் ஒன்றுதான். ஆனால் பெரிய டீச்சரை யாரும் கேட்கவில்லை. பட்டாணி தானாகப் போய் நாக்கை நீட்டியிருந்தாள்.

வியாழக்கிழமை அவன் முக்காலியைக் கொண்டுவரவில்லை. ரசமட்டத்தை மட்டும் பழக்கதோஷத்தால் கொண்டுவந்திருந்தான். அதைக் குழந்தைகள் பிடுங்கிக்கொண்டு உள்ளே இருக்கும் குமிழியைத் துரத்தி விளையாடினார்கள். அவன் பாயில் குப்புறப் படுத்தான். வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "எதைப் பெருசாக்கணும்?"

இந்தக் கேள்வியை யாரும் அவர்களிடம் அதுவரை கேட்டதில்லை போல. சிலர் தையல்கடையில் அளவு கொடுப்பவர்கள் மாதிரி ஆழமாக யோசித்தார்கள். வயது கேட்டால் நாலரை என்று மட்டுமே பதில் சொல்லும் ஒருவன், நான்கு விரலை நீட்டி ஐந்தாவதைப் பாதி மடக்கி லென்ஸின் முன்னால் கொண்டுவந்தான். "அரை தெரியணும்" என்று கண்டிப்பாகச் சொன்னான். முன்பல் விழுந்த ஒருவன் வாயைத் திறந்து அந்த ஓட்டையைக் காட்டினான். கதவில் விரல் நசுங்கிக் கட்டுப் போட்டிருந்தவள், அந்தக் கட்டுவிரலைப் பதக்கம் போல நீட்டினாள். ஒருத்தி காதைக் காட்டி, "பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் எனக்குக் கேக்கும்" என்றாள். இன்னொருவன் தீப்பெட்டியிலிருந்து ஒரு வண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து, "நான் வேணாம். இது என்னைவிடப் பெருசா வரணும்" என்றான். வந்தது. வண்டு எருமை மாதிரி நிற்க, பின்னால் அவன் பொத்தான் அளவு முகத்துடன் பெருமையாகச் சிரித்தான்.

"மாமா, நீங்க ஏன் பல்லி மாதிரி படுத்திருக்கீங்க?" என்று பட்டாணி கேட்டாள்.

"தொழில் ரகசியம். போ அந்தப் பக்கம்."

கடைசியாக ஒருத்தி மிஞ்சினாள். சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. எந்தச் சத்தத்துக்கும் மேஜைக்கு அடியில் ஓடிவிடுவதால் முயல். அவள் தங்கையின் காதில் ஏதோ சொன்னாள்.

"பெரிய டீச்சர் அவ பின்னாடி நிக்கணுமாம்" என்றாள் தங்கை.

பெரிய டீச்சர் எழுந்து வந்தார். "நிக்கிறேன். ஆனா நான் படத்துல வரமாட்டேன். இப்படி ஓரமா நின்னுக்கிறேன்."

ஓரமா. அந்த லென்ஸுக்கு ஓரத்தைவிடக் கெட்ட இடம் உலகத்தில் கிடையாது. ஓரமாக நிற்பவர் வராமல் போவதும் கிடையாது. சொல்ல வேண்டியது அவன்தான். சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்தான். முயல் இரண்டு உள்ளங்கையையும் முன்னால் நீட்டினாள். அழுத்தினான். திரையின் ஓரத்தில் மாவு போல இழுபட்ட ஒரு தோளும் முகமும் தெரிந்த வேகத்தில் கேமராவை அணைத்துவிட்டான்.

"எப்படி வந்திருக்கு?" என்றார் பெரிய டீச்சர்.

"நாளைக்குப் பிரிண்டே கொண்டுவர்றேன் டீச்சர்."

மத்தியானமே வீட்டுக்குப் போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தான். நெடுநாளைக்குப் பிறகு வேலை செய்யும்போது சீட்டியடித்தான். கை பாட்டுக்குத் தன் பழைய வேலையைப் பார்த்தது. சுவரில் கிரேயான் கிறுக்கல், துடைத்தான். சட்டையில் ஜூஸ் கறை, துடைத்தான். மூக்கில் சளி, முழங்காலில் சிராய்ப்பு, கன்னத்தில் சாக்லேட். விரலில் அழுக்குப் பிடித்த ஒரு துணி சுற்றியிருந்தது, அதையும் எடுத்தான். ஒரு கையில் பூச்சி இருந்தது. பத்து வருஷமாகப் பூச்சியைக் கண்டால் அவன் விரல் யோசித்ததே இல்லை. ஒரு வாயில் ஓட்டை இருந்தது. சுவர் ஓட்டையைப் பூசுவது போலப் பல்லை வைத்துப் பூசிவிட்டான். கடைசிப் படத்தின் ஓரத்தில் நின்றவரைத் துடைத்து, அந்த இடத்தில் ஜன்னலை நீட்டி, சுவரை நிரப்பினான். அன்றைக்குச் செய்ததிலேயே மிகச் சுத்தமான வேலை அதுதான். பிரிண்ட் கடை மூடுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்தும்விட்டான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் படங்கள் சுவரில் ஏறின. குழந்தைகளை அழைத்துவந்து நிறுத்தினார்கள். அவன் கைகளைக் கட்டிக்கொண்டு சிரிப்புக்காகக் காத்திருந்தான்.

சிரிப்பு வரவில்லை.

"என் வண்டு எங்க?" என்றான் வண்டுக்காரன்.

எருமை நின்ற இடத்தில் சுத்தமான, மாபெரும், காலியான ஓர் உள்ளங்கை இருந்தது.

"என் கட்டு?" என்று கட்டுவிரல்காரி நிஜ விரலைத் தூக்கிப் படத்தோடு ஒப்பிட்டாள். பல் விழுந்தவன் கண்ணாடி முன்னால் ஓடிப்போய் வாயைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பிவந்து, "இது நான் இல்ல. இவன் யாரு?" என்றான். அழுகை ஒரு மூலையில் தொடங்கி, காய்ந்த புல்லில் நெருப்புப் போலப் பரவியது. நாலரை மட்டும் தன் அரை விரல் பத்திரமாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துத் திருப்திப்பட்டான்.

முயல் அழவில்லை. சுவருக்குக் கிட்டப் போய், படத்தில் ஜன்னல் நீண்டிருந்த இடத்தை விரலால் தடவினாள். அவள் குரலை அவன் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டான். "டீச்சர் இங்கதான் நின்னாங்க."

தங்கை அவனைப் பார்த்தாள். "என்ன அண்ணா பண்ணின?"

"சுத்தம் பண்ணினேன்."

"குழந்தைங்களையா?"

"அழுக்கா இருந்துச்சு... கை பாட்டுக்கு..."

"வண்டு அழுக்கு இல்ல" என்றான் வண்டுக்காரன், விக்கலுக்கு நடுவே. "தெனமும் குளிப்பாட்டுறேன்."

பிரிண்ட் கடைக்குப் போன் போட்டான். கல்யாண ஆல்பங்கள் குவிந்து கிடக்கின்றன, திங்கட்கிழமைக்கு முன்னால் முடியாது என்றார்கள். தங்கை ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால் மேல் கையை வைத்து, பளபளவென்றிருந்த சுவரையே பார்த்தாள். திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் வழக்கம்போல விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அதைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை. வண்டுக்காரன் முன்னால் குந்தி உட்கார்ந்தான். "உன் வண்டு எப்படி இருக்கும்னு உனக்கு வரையத் தெரியுமா?"

"தெரியுமே."

"அப்ப நான் அழிச்சதை நீ போட்டுடு. எல்லாரும் அவங்கவங்களோடதைப் போட்டுடுங்க."

கிரேயான் எடுத்து வந்தார்கள். வழவழப்பான தாளில் கிரேயான் வழுக்கிக்கொண்டு போயிற்று. அழியாத மார்க்கர்தான் வேண்டும். அது இருந்தது, ஆனால், போன வருஷம் யாரோ கழிப்பறைக் கதவில் ரயில் வரைந்ததிலிருந்து பெரிய டீச்சரின் அலமாரிக்குள் பூட்டி இருந்தது. சாவி அவரிடம்.

அந்த நீளமான அறையை அவன் நடந்து கடந்தான். தன் லென்ஸ் வழியாகப் பார்த்ததைவிட அது நீளமாக இருந்தது.

"டீச்சர், மார்க்கர் வேணும்."

அவர் வருகைப் பதிவேட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "எதுக்கு?"

"நான் அழிச்சதை எல்லாம் குழந்தைங்க திருப்பி வரையணும்."

"எதை எல்லாம் அழிச்சீங்க?"

"கட்டு, கறை, பல்லு இல்லாத ஓட்டை. ஒரு வண்டு."

"அவ்வளவுதானா?"

"உங்களையும், டீச்சர்."

பேனா நின்றது. "என்னையா?"

"ஓரத்துல நின்னீங்க. இந்த லென்ஸுக்கு ஓரம் ஆகாது. யார் நின்னாலும் இழுத்துடும். நேத்தே சொல்லியிருக்கணும். சொல்ல பயமா இருந்துச்சு."

"அன்னிக்குக் கல்யாணத்துலயும் பயமா?"

"அன்னிக்குப் பயம் இல்ல, திமிரு. லென்ஸைப் பத்தி எல்லாம் தெரியும்னு நினைச்சேன். ஒண்ணும் தெரியாது."

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்டார். "யார் நின்னாலும்னா, யார் நின்னாலுமா?"

"ஈர்க்குச்சி மாதிரி ஆளு நின்னாலும்."

"பத்து வருஷமா நீங்க வேணும்னே பண்ணினீங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். "முகூர்த்த வேலை எல்லாத்தையும் நான் தலைமேல போட்டுக்கிட்டு உங்க ஆளுங்களை விரட்டிட்டிருந்தேன்ல. அந்தக் கோபத்துல என்னை இப்படிக் காட்டிட்டீங்கன்னு."

"ஐயோ, இல்ல டீச்சர்!"

"கேட்டிருக்கலாம். நானும் கேக்கல." அவர் எழுந்தார். கழுத்திலிருந்து சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தார். மார்க்கர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் நடுவே வந்து நின்றதும் அழுகை தானாக அடங்கியது.

"ஆளுக்கு ஒண்ணு. திறந்தா மூடணும். படத்துல மட்டும்தான். கதவுல ஒரு கோடு பார்த்தேன்னா..."

"ரயில் நான் வரையல டீச்சர்" என்றான் பல் விழுந்தவன், யாரும் கேட்காமலே.

அரை மணி நேரம் அறையில் மூச்சுச் சத்தமும் மார்க்கர் உரசும் சத்தமும்தான். காலியான உள்ளங்கையில் ஒரு வண்டு முளைத்தது. எட்டுக் கால், ஒரு தொப்பி. அழகான பல்வரிசைக்கு நடுவே கறுப்பாக ஒரு சதுரம். விரலில் கட்டு முன்பைவிட மூன்று சுற்று அதிகம். போகிற போக்கில் அவன் அழிக்காதவையும் வந்து சேர்ந்தன: ஒரு மீசை, ஒரு கிரீடம், இரண்டு மழைமேகம்.

முயல் நாக்கைக் கடித்தபடி வெகுநேரம் வரைந்தாள். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓர் உருவம் எழுந்தது. வட்டமாகத் தலை, அதன் மேல் இன்னொரு வட்டமாகக் கொண்டை, சங்கிலி போட்ட கண்ணாடி, படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீண்ட கைகள்.

பெரிய டீச்சர் பின்னால் வந்து நின்றார்.

"இது நானா?"

முயல் தலையாட்டினாள்.

"கை ஏன் இவ்வளவு நீளம்?"

"அலமாரி மேல இருக்கிற பிஸ்கட் டப்பா உங்களுக்கு மட்டும்தான் எட்டும்."

பெரிய டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். "கல்யாணப் படத்துக்கு இது எவ்வளவோ தேவலை" என்றார். பிறகு அந்த நீளக் கையால் பிஸ்கட் டப்பாவை எட்டி எடுத்தார்.

சனிக்கிழமை வாசலில் பெற்றவர்கள் நகரவே இல்லை. உள்ளே வழிவிடச் சொல்லி இரண்டு முறை மணி அடிக்கவேண்டியிருந்தது. "என்ன இது, என் பையன் தலை பட்டாணிக்கடலை அளவு இருக்கு, ஷூ படகு மாதிரி இருக்கு?" என்று ஒரு அப்பா முகம் சுளித்தார். பக்கத்திலிருந்து பதில் வந்தது: "நான்தான்பா அப்படிக் கேட்டேன். புது ஷூல்ல!" அதற்குப் பிறகு அவரும் அதே படத்தைத் தன் போனில் பிடித்து நாலு பேருக்கு அனுப்பினார். ஒவ்வொரு குழந்தையும் தன் படத்துக்கு முன்னால் நின்று, எது நிஜம், எது மாமா அழித்தது, எதைத் தான் மீட்டது என்று விளக்கிக்கொண்டிருந்தது. அழித்த மாமா ஒரு தூணுக்குப் பின்னால் நின்றான்.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் பெரிய டீச்சர் தங்கையிடம் வந்தார். "புது இடத்துல வாசல் சுவர் இதைவிட அகலம். என்ன மாட்டப்போறேன்னு இப்பவே யோசிச்சு வை."

"நானா அண்ணி?"

"பின்ன, சுவர்கிட்டயா பேசிட்டிருக்கேன்?"

தங்கை தூணுக்குப் பின்னால் வந்து அண்ணனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். இந்த முறை அவள் எதையும் விழுங்கவில்லை, கண்ணிலேயே தெரிந்தது.

"தம்பி" என்று கூப்பிட்டார் பெரிய டீச்சர். "எல்லாரும் சேர்ந்து ஒண்ணு எடுக்கலாம். உங்க லென்ஸ்லயே. நான் நடுவுல."

"நடுவுலயே நில்லுங்க டீச்சர்."

"நீங்களும் வரணும்."

கேமராவைப் புத்தக அடுக்கின் மேல் வைத்தான். பத்து விநாடியில் தானாக எடுக்கும்படி முடுக்கினான். ரசமட்டம் நாலரையிடம் இருந்தது. போகட்டும் என்று விட்டான். ஓடிவந்து பார்த்தால் நடுவில் பெரிய டீச்சர், அவர் காலைக் கட்டிக்கொண்டு முயல், இருபுறமும் நெருக்கியடித்துக்கொண்டு மற்றவர்கள். இடமே இல்லை, வலது ஓரக் கடைசியில் மட்டும் ஓர் ஆள் நிற்கலாம். எப்படி அந்த இடம் காலியாக விடப்பட்டது என்று அவனுக்குச் சந்தேகம் வந்தபோது, பெரிய டீச்சர் திரும்பிப் பார்க்காமலே, "அங்கதான், நில்லுங்க" என்றார்.

நின்றான். கேமரா கண் சிமிட்டியது.

எல்லாரும் திரையை மொய்த்தார்கள். நடுவில் பெரிய டீச்சர் மூங்கில் போல, துளி கோணல் இல்லாமல் நின்றார். ஓரத்தில் ஒருவன் சுவர் பக்கமாக வழிந்துகொண்டிருந்தான். காது தட்டளவு, கன்னம் தலையணை அளவு, வயிறு அவனுக்கு முன்னாலேயே வெளியே போய்க்கொண்டிருந்தது.

"மாமா, நீங்க அலமாரி மாதிரி இருக்கீங்க!" என்றாள் பட்டாணி. அந்தச் சொல்லை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

தங்கை பாய்ந்து மகளின் வாயைப் பொத்தினாள். பிறகு ஒரு சத்தம் கேட்டது; குழாய் அடைப்பு விட்டதுபோல முதலில் ஒரு குமுறல், பிறகு விடாத சிரிப்பு. பெரிய டீச்சர் மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்து, திரும்ப மாட்டி, திரையைப் பார்த்து, மறுபடி தொடக்கத்திலிருந்து சிரித்தார். அவனுக்கும் தொற்றிக்கொண்டது.

"திங்கட்கிழமை பிரிண்ட் போட்டுத் தர்றேன் டீச்சர்" என்றான் மூச்சு வாங்க. "இந்த ஓரத்தை மட்டும் லேசா வெட்டிட்டு..."

"வெட்டாதீங்க தம்பி" என்றார் அவர். "எனக்கு ஒண்ணு தனியா வேணும். ஆல்பத்துல ஒரு இடம் பத்து வருஷமா காலியாக் கிடக்கு."